உப்பு வண்டிச் சாரதியின் ஜனவரி

ஜனவரி 8, ஸ்காபரோ, கனடா

அதிகாலையில் பனி பொழியும் என்று முன்னறிவிப்பு வந்ததால், பிற்பகலிலேயே வீதிகளுக்கு உப்புநீர் தெளித்தோம். நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள இந்த நீர் காய்ந்து வெள்ளைக் கோடுகளாகப் படிந்துவிட்டால், பிறகு விழும் பனி தாரோடு ஒட்டி இறுகாது. இடையில் மழை பெய்யாமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 9

மழைதான் முதலில் பெய்தது. நள்ளிரவில் அது பனியாக மாறியபோது நேற்றைய கோடுகளில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வண்டியில் பொருத்தியுள்ள அகச்சிவப்பு உணரி வீதியின் வெப்பநிலையை -1 பாகை என்று காட்டியது. பாலத்தில் ஏறியதும் அது -6 ஆயிற்று. அடியில் மண்ணின் சூடு இல்லாமல் மேலும் கீழும் குளிர்காற்றுப் படுவதால், பாலமே முதலில் உறைகிறது. ஒரு கிலோ உப்பு -1 பாகையில் ஏறத்தாழ 46 கிலோ பனிக்கட்டியை உருக்கும். -7இல் 9 கிலோவைக்கூட உருக்காது. -12இல் 5 கிலோதான். இது தெரிந்திருந்தும் பாலத்திலும் அதே அளவையே தூவிச் சென்றேன். திரும்பி வந்தபோது, உருகிய நீரில் உப்பு நீர்த்துப்போய், பாலம் மறுபடியும் கண்ணாடியாக உறைந்திருந்தது.

ஜனவரி 14

காற்று -6 பாகையில் இருந்தபோதும், வெயில் பட்ட கரிய தார் பூச்சியத்தைத் தொட்டதால் உப்பு விரைவாக வேலை செய்தது. இரவில் வானம் தெளிந்திருந்தது. வீதி தன் சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிட, பகலில் உருகி ஓரத்தில் தேங்கிய நீர் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாயிற்று.

ஜனவரி 21

இன்று -19 பாகை. உப்புநீர் -21 வரை உறையாது என்பது சரியான செறிவில் மட்டுமே உண்மை. வீதியில் -12க்குக் கீழே அது மிக மெதுவாகவே உருக்கும். கல்சியம் குளோரைட்டு என்ற இன்னொரு வகை உப்பின் கரைசல் சாதாரண உப்புநீரைவிடக் கடுமையான குளிரிலும் உறையாமல் இருப்பதால், சந்திகளில் அதில் நனைத்த உப்பைத் தூவினோம். நனைந்த மணிகள் துள்ளி ஓரத்துக்குச் சிதறுவதும் இல்லை. காற்று வீசிய வெளியான வீதிகளுக்கு ஒன்றும் போடவில்லை, ஏனெனில் அங்கே உலர்ந்த பனி தாரில் தங்காமல் பறந்துகொண்டிருந்தது.

தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், “தம்பி, உப்புப் போடாமல் சும்மா ஓடித் திரியிறியளோ?” என்று கேட்டார். “போட்டால் வீதி ஈரமாகி, பறக்கிற பனியெல்லாம் ஒட்டிப் பிடிச்சிடும் ஐயா” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.