பதினைந்து வரி எழுதிய டாக்டர்

ஏப்ரல் 28, 2019, ஞாயிறு. லூவன்

மகள் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. "எங்கம்மா போகணும் உனக்கு, பாரிஸா, ஆம்ஸ்டர்டாமா?" என்று கேட்டாள். ஈப்பர் என்றேன். அப்படி ஓர் ஊர் பெல்ஜியத்தில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஆச்சரியம்.

நர்ஸிங் படித்தபோது எங்கள் டியூட்டர் ஒருநாள் கரும்பலகையில் பதினைந்து வரி ஆங்கிலக் கவிதை ஒன்றை எழுதிப் போட்டார். சிலுவைகள், பாப்பிப் பூக்கள், புதைந்து கிடப்பவர்கள் பேசுவதுபோல வரிகள். முக்கால்வாசி புரியவில்லை. "இதை எழுதினவர் ஒரு டாக்டர். காயம்பட்டவங்களைப் பார்க்கிற இடத்துலயே எழுதினார்" என்று சொல்லிவிட்டு அழித்துவிட்டார். அப்புறம் 31 வருடம் வார்டில் ஓடிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் போகவே இல்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

மகள் கல்லூரிக்குப் போன பிறகு நாள் முழுக்க, அந்தக் கவிதையை ('இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்') எழுதிய டாக்டர் ஜான் மெக்ரேயைப் பற்றிப் படித்தேன். கனடாவின் ஒன்டாரியோவில் குவெல்ஃப் என்ற ஊரில் 1872 நவம்பர் 30 அன்று பிறந்தவர். பிறந்த கல்வீடு இப்போது அருங்காட்சியகம். இளமையிலிருந்தே ஆஸ்துமா. அதனாலேயே படிப்பு நடுவில் தடைப்பட்டு, 1898-இல் டொரான்டோவில் மருத்துவப் பட்டம் வாங்கியிருக்கிறார். பிறகு மான்ட்ரியலில் நோய்க்கூற்றியல் பார்த்தார், மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார், அந்தத் துறைக்கு ஒரு பாடநூலும் சேர்ந்து எழுதினார்.

எனக்குப் புதிதாக இருந்தது, அவர் முதலில் பீரங்கிப் படைக்காரர் என்பது. அப்பாவும் அதே படையில் அதிகாரி. 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு பீரங்கி அதிகாரியாகத்தான் போனார். அங்கே நோயுற்ற சிப்பாய்களைக் கவனித்த லட்சணத்தைப் பார்த்துக் கொதித்துப்போனாராம். 1914-இல் முதல் உலகப் போர் வந்தபோது 41 வயது. கனடியப் பீரங்கிப் பிரிகேடு ஒன்றுக்கு மருத்துவராகப் போனார். நண்பர் ஒருவர் தந்த குதிரையும் கூடப் போனது. அதன் பெயர் பான்ஃபயர். உறவுக் குழந்தைகளுக்கு அந்தக் குதிரையே எழுதுவதுபோலக் கடிதம் எழுதி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குளம்படி வரைந்து அனுப்புவார். இதைப் படித்ததும் அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

மே 2, வியாழன். ஈப்பர்

வேண்டுமென்றே இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊருக்கு வடக்கே, கால்வாயை ஒட்டி எசெக்ஸ் ஃபார்ம் என்ற போர்க் கல்லறைத் தோட்டம். மெக்ரே காயம்பட்டவர்களைப் பார்த்த இடம் இதுதான். ஏறக்குறைய 1,200 கல்லறைகள். பக்கத்தில் கான்கிரீட் அறைகள், ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். இவை பின்னால் கட்டியவை. மெக்ரே வேலை பார்த்தபோது கரையின் அடியில் மண்ணைத் தோண்டிய ஒரு குழிதான். கரை மேலே அவருடைய தளபதியும் நண்பருமான மாரிசனின் அகழி. குண்டடி பட்டவர்கள் சரிவில் உருண்டு அந்தக் குழிக்கே வந்து விழுந்ததாக மாரிசன் எழுதியிருக்கிறார். நான் அந்தச் சரிவில் நின்று கீழே பார்த்தேன். எங்கள் காஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சர் வரும், ஆட்டோ வரும், சில நேரம் தோளில் தூக்கி வருவார்கள். உருண்டு வந்து யாரும் விழுந்ததில்லை.

1915 ஏப்ரல் 22, மாலை 5 மணி வாக்கில் இந்தப் பகுதியில் ஜெர்மானியர் 5,700-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றோடு விட்டார்கள். குளோரின் எனக்குத் தெரியும், பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அதுதான். நுரையீரலை அரித்து, நீர் கோத்து, தரையில் படுத்திருப்பவன் தண்ணீரில் மூழ்குவதுபோல மூச்சுத் திணறிச் சாவான். மருத்துவர் கையில் அதற்கு உருப்படியாக எதுவும் இல்லாத காலம். பதினேழு நாள், பதினேழு இரவு யாரும் உடுப்பைக் களையவில்லை, பூட்ஸைக்கூட எப்போதாவதுதான் கழற்றினோம் என்று மெக்ரே தன் அம்மாவுக்கு எழுதினார். இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து என் கால்கள் வீங்கியதை நினைத்துக்கொண்டேன். ஒப்பிடவே கூடாது, ஆனால் நினைவு வந்தது.

மே 2 காலை, அவரோடு நெருங்கிப் பழகிய லெப்டினன்ட் அலெக்ஸிஸ் ஹெல்மர் மேல் நேராக ஒரு ஷெல் விழுந்தது. வயது 22. கிடைத்த உடற்பாகங்களை மணல் மூட்டைகளில் சேகரித்து, ராணுவக் கம்பளியில் வைத்து ஊக்கு குத்தினார்கள். பாதிரியார் இல்லை. இருட்டில், மனப்பாடமாகத் தெரிந்த பிரார்த்தனை வரிகளை மெக்ரேயே சொல்லி அடக்கம் செய்தார். மறுநாள் எழுதியதுதான் அந்தப் பதினைந்து வரி. ஒரு கூட்டம் காயம்பட்டவர்கள் போய், அடுத்த கூட்டம் வருவதற்கு நடுவில் எழுதியது என்கிறார் மாரிசன்.

ஹெல்மரின் குழி இப்போது எங்கே என்று தெரியாது. தொடர்ந்த சண்டையில் அழிந்துபோயிற்று. அவர் பெயர் ஊருக்குள் மெனின் வாயில் என்ற நினைவு வளைவில் இருக்கிறது, கல்லறை இல்லாத 54,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்களோடு. இரவு 8 மணிக்கு அங்கே எக்காளம் ஊதினார்கள். சுவரில் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களையும் பார்த்தேன். லாகூர் டிவிஷன் இதே சண்டையில் ஏப்ரல் 26 அன்று இறங்கியது.

மே 3, வெள்ளி

நேற்று வயலில் ஒரு பாப்பிகூட இல்லை. மே கடைசியில்தான் நிறையப் பூக்குமாம். கல்லறைகளில் காகிதப் பூக்கள்தான். அதன் விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஷெல்லும் புதைகுழியும் அந்த நிலத்தை எப்படிக் கிளறியிருக்கும்!

தமிழில் பெயர்த்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், பூவிலேயே மாட்டிக்கொண்டேன். கசகசாவும் அபினும் தரும் செடி இதன் சொந்தம். மார்ஃபின் அதிலிருந்துதான் வருகிறது. தூக்கத்தின் பூ. அந்தப் பூ பூத்தாலும் எங்களுக்குத் தூக்கம் வராது என்று இறந்தவர்கள் சொல்கிறார்கள். மார்ஃபின் ஊசி போட்டுப் பழகிய கை எழுதிய வரி அது என்று எனக்குப் படுகிறது. நம் புறத்திணையில் தும்பை சூடிப் போருக்குப் போவார்கள், அது உயிரோடு இருப்பவன் தலையில் இருக்கும். விழுந்தவனுக்கு நடுகல். இங்கே பூ குழியிலிருந்தே முளைக்கிறது. 'பாப்பி' என்றே விட்டுவிட்டேன்.

மே 6, திங்கள்

மூன்றாவது பத்தி வரவே மாட்டேன் என்கிறது. எங்கள் சண்டையை நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்று இறந்தவர்கள் கேட்கும் இடம். 1915 டிசம்பர் 8 அன்று லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் வந்த பிறகு, கனடாவில் போர்க்கடன் பத்திரம் விற்கவும் ஆள் சேர்க்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். திரித்துப் பயன்படுத்தினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, கவிதையே அதைத்தான் கேட்கிறது. அந்த ஜூனில் பீரங்கிகளை விட்டு மருத்துவமனைக்குப் போக உத்தரவு வந்தபோது, டாக்டர்கள் எத்தனை பேர் இருந்தும் போரை ஜெயிக்க முடியாது, சண்டை போட ஆட்கள்தான் வேண்டும் என்று அவர் கோபமாகச் சொன்னாராம்.

இது எனக்கு வலிக்கிறது. காயம் கட்டும் வேலை அவருக்குக் குறைவாகத் தெரிந்ததா? இரவு சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன். "அவர் அன்னிக்கு எவ்ளோ டயர்டா இருந்திருப்பார்ம்மா" என்றாள். சரி, அதுவும் இருக்கும். ஆனால் எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை.

மே 11, சனி. விமெரு, பிரான்ஸ்

மகளின் தோழி காரில் கூட்டிவந்தாள். வழியில் பூலோன். மெக்ரே மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கனடிய மருத்துவமனை அங்கேதான் இருந்தது. முதலில் கொஞ்சம் தெற்கே, இந்தியாவிலிருந்து வந்த தர்பார் கூடாரங்களில் நடந்தது. மழையும் குளிரும் தாங்காமல், பழைய ஜெசூயிட் கல்லூரியின் இடிபாடுகளுக்கு மாற்றினார்கள். 1,560 படுக்கை. அந்த எண்ணைப் படித்து நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. சக அதிகாரிகள் குடிசைக்குள் இருந்தபோது, முன்னணியில் இருப்பவர்களைப்போலத் தானும் கூடாரத்தில்தான் படுப்பேன் என்று குளிரில் கிடந்திருக்கிறார், ஆஸ்துமாவோடு. நோய் முற்றிய பிறகுதான் உள்ளே வந்தார்.

1918 ஜனவரி 28 அன்று நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து, 45 வயதில் இங்கே விமெருவில் இறந்தார். ஊர்வலத்தில் பான்ஃபயர் முன்னால் நடந்தது, அங்கவடியில் அவருடைய பூட்ஸைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அந்த வருட நவம்பரில் மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்கப் பெண் இந்தக் கவிதையைப் படித்துவிட்டுப் பாப்பி அணியத் தொடங்கினார். 1921-க்குள் அது நாடு நாடாகப் பரவிவிட்டது.

மணல் நிலம் என்பதால் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் கல்லறைக் கற்களை நிறுத்தவில்லை, தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள். காலையில் பெய்த மழை எழுத்துகளில் தேங்கியிருந்தது. மகள் கைக்குட்டையால் துடைத்தாள். லெப்டினன்ட் கர்னல் ஜான் மெக்ரே என்று வாசித்தாள். நான் குனிந்து அடுத்த வரியை வாசித்தேன்: கனடிய ராணுவ மருத்துவப் படை.