ஒருங்கிணைந்த கார்பன் ஹேண்டில்பார்: வாங்கும் முன் அளந்தவையும் பொருத்தும்போது கற்றவையும்

சாலை மிதிவண்டியில் ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரை முன் ஃபோர்க்கின் குழாயோடு இணைக்கும் பகுதி) ஹேண்டில்பாரும் தனித்தனியாக இருக்கும்வரை, தவறாகத் தேர்ந்தாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. கை எட்டவில்லை என்றால் 10 மி.மீ. குறைந்த ஸ்டெம்மை மாட்டலாம். மணிக்கட்டு வலித்தால் முன்பக்கத்து நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சற்று மேல்நோக்கித் திருப்பலாம். இரண்டும் ஒரே கார்பன் வார்ப்பாக வரும்போது அந்த வசதி முற்றிலும் போய்விடுகிறது. ஸ்டெம்மின் நீளம், அதன் சாய்வு, ஹேண்டில்பாரின் அகலம், ஹூட்டுகள் (பிரேக் லீவர்களின் மேல் கை வைக்கும் ரப்பர் உறைப் பகுதிகள்) நிற்கும் கோணம் ஆகிய நான்கையும் வாங்கும் நாளிலேயே முடிவுசெய்துவிடுகிறோம். அதனால்தான் புதிய ஹேண்டில்பாருக்கான வேலையை நான் பழைய அலுமினிய ஹேண்டில்பாரில் தொடங்கினேன். ஏறக்குறைய நான்கு மாதங்கள், விலை குறைந்த இரண்டு ஸ்டெம்களையும் வெவ்வேறு அகலமுள்ள இரண்டு ஹேண்டில்பார்களையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டி, எண்கள் நிலைத்த பிறகே கார்பன் பக்கம் திரும்பினேன்.

ஏன் இந்த மாற்றம் என்று நண்பர்கள் கேட்டார்கள். காற்றுத் தடை குறையும் என்பது உண்மை. தட்டையான மேற்பகுதியும், பிரேக் திரவம் செல்லும் ஹோஸ்கள் வெளியே தொங்காத அமைப்பும் அதற்கு உதவுகின்றன. ஆனால் ஓடும் மிதிவண்டி சந்திக்கும் காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடலுடையது. எத்தனை மெல்லிய ஹேண்டில்பாரை மாட்டினாலும், அளவு பொருந்தாமல் முழங்கையை விறைப்பாக நீட்டி நிமிர்ந்தே ஓட்டினால், கிடைத்த ஆதாயம் அத்தனையும் அங்கேயே கரைந்துவிடும். என்னை ஈர்த்தது அந்தத் தட்டையான மேற்பகுதிதான். நீண்ட ஏற்றங்களில் உள்ளங்கை முழுவதும் அதன்மேல் படிந்து நிற்கும் சுகம் உருண்டைக் குழாயில் கிடைப்பதில்லை.

முதலில் எட்டும் தூரத்தைப் பார்ப்போம். ஸ்டெம்மின் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கை சென்று அமரும் இடத்தைத் தீர்மானிப்பது ஸ்டெம் நீளமும் ஹேண்டில்பார் முன்னோக்கி வளையும் தூரமான ரீச்சும் சேர்ந்த கூட்டுத்தொகை. என் பழைய அமைப்பில் ஸ்டெம் 110, ரீச் 80, ஆக 190 மி.மீ. நான்கு மாதச் சோதனையின் முடிவில் எனக்கு இசைந்த கூட்டுத்தொகை 180 என்று தெரிந்தது. நான் விரும்பிய கார்பன் வார்ப்பின் ரீச் 75 மி.மீ.; எனவே 100 நீளமுள்ளதை எடுத்தால் 175, 110 எடுத்தால் 185. இரண்டும் சரியாக 180 இல்லை. இங்கேதான் ஸ்டெம்முக்குக் கீழே அடுக்கும் வளையங்களான ஸ்பேசர்கள் துணைக்கு வருகின்றன. ஸ்டெம் கவ்வியிருக்கும் ஃபோர்க்கின் மேல்குழாயான ஸ்டியரர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், 73 பாகைக் கோணமுள்ள சட்டகத்தில் ஹேண்டில்பாரை 10 மி.மீ. உயர்த்தினால் அது ஏறக்குறைய 3 மி.மீ. பின்னால் வரும், தாழ்த்தினால் அதே அளவு முன்னால் போகும். நான் 100 நீளத்தை எடுத்து, ஸ்பேசர்களில் 10 மி.மீ. குறைத்து, விட்டுப்போன 5 மி.மீ.இல் 3 மி.மீ.ஐ மீட்டுக்கொண்டேன்.

ஆனால் தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு, அதைச் சாய்வோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தனி ஸ்டெம்களில் பரவலாகக் காணப்படும் சாய்வு மைனஸ் 6 பாகை. ஒருங்கிணைந்தவற்றில் மைனஸ் 10 பாகை கொண்டவையும் உண்டு. 100 மி.மீ. நீளத்தில் இந்த 4 பாகை வேறுபாடு மட்டுமே கைப்பிடியைச் சுமார் 7 மி.மீ. கீழே இறக்கிவிடும். இதைக் கவனிக்காமல் பழைய ஸ்பேசர் எண்ணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கழுத்து வலிக்கிறது என்று சொல்வோரைப் பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளரின் வரைபடத்தில், ஸ்டெம் ஸ்டியரரைக் கவ்வும் பகுதியின் உயரமும் கொடுக்கப்பட்டிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்து, சமதளத் தரையிலிருந்து ஹூட்டின் உச்சிவரை உள்ள உயரத்தைப் பழைய அமைப்பில் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. ஸ்பேசர் எண்ணிக்கை அமைப்புக்கு அமைப்பு மாறும். தரையிலிருந்து எடுத்த அந்த ஒரு எண் மாறாது.

அகலத்தில் நானே ஒருமுறை ஏமாறினேன். 40 செ.மீ. என்று போட்டிருந்த ஒன்றை நம்பி வாங்கினேன். வந்த பின் அளந்தபோது, அது டிராப்பின் (ஹேண்டில்பார் கீழே வளைந்து செல்லும் பகுதி) வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை எடுத்த அளவு என்று தெரிந்தது. எனக்குப் பழகிய 40 என்பது குழாயின் மையத்திலிருந்து மையம் வரை உள்ள அளவு. அந்த இடத்தில் குழாயின் விட்டம் ஏறக்குறைய 24 மி.மீ. என்பதால், இரு முறைகளுக்கும் இடையே 2.4 செ.மீ. வேறுபாடு வந்துவிடுகிறது. அதோடு, இக்கால வார்ப்புகள் பலவற்றில் டிராப்புகள் வெளிப்புறமாக விரிந்திருக்கும். கீழே 40 இருப்பது மேலே ஹூட்டுகளில் 37 ஆக இருக்கலாம். நாம் நாள் முழுவதும் பிடித்திருப்பது ஹூட்டுகளைத்தான். எனவே எந்த இடத்தில், எந்த விளிம்பிலிருந்து அளந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் வாங்க வேண்டாம். என்னிடம் வந்ததைப் பெட்டி கலையாமல் திருப்பி அனுப்ப முடிந்தது. ஒருமுறை பொருத்தி ஹோஸ்களை வெட்டியிருந்தால் அதுவும் முடிந்திருக்காது. போட்டிகளில் பங்கேற்போர் யுசிஐ விதியையும் பார்க்க வேண்டும். சாலைப் போட்டிகளுக்கு 2026 முதல் வெளிவிளிம்பு அளவில் குறைந்தது 400 மி.மீ. இருக்க வேண்டும் என்று சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் நிர்ணயித்திருக்கிறது. மைய அளவில் இது சுமார் 376 மி.மீ. ஆகும், அதாவது மைய அளவில் 38 செ.மீ. உள்ளவை தேறும், 36 தேறாது.

வரைபடத்தில் எளிதில் தெரியாத ஒன்று ஹூட் நிற்கும் கோணம். மேற்பகுதியிலிருந்து லீவர் அமரும் இடத்துக்கு இறங்கும் வளைவு செங்குத்தாக இருந்தால், லீவரை எவ்வளவு மேலே ஏற்றிக் கட்டினாலும் நடுவில் ஒரு பள்ளம் நின்று, உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்ப வழியில்லாததால் இதற்கு மருந்தும் இல்லை. அதே வார்ப்பைப் பொருத்தியிருக்கும் யாருடைய வண்டியிலாவது கை வைத்துப் பார்ப்பதே சிறந்தது.

பொருத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சாலை மிதிவண்டிகளின் ஸ்டியரர் வெளிவிட்டம் 28.6 மி.மீ.; ஆனால் அதைவிடப் பருமனான ஸ்டியரர் கொண்ட சட்டகங்களும் உண்டு. ஹோஸ்கள் ஸ்டெம்முக்குள் சென்று, ஸ்டியரர் சுழல உதவும் தாங்கிகளான ஹெட்செட் வழியாகச் சட்டகத்தில் இறங்கும் அமைப்பென்றால், ஹெட்செட்டின் மேல்மூடியும் ஸ்பேசர்களும் அந்த ஹேண்டில்பாருக்கு உரியவையாகவே இருக்க வேண்டும். கேபிளால் இயங்கும் கியர் அமைப்பு வைத்திருப்போருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெருக்கமான வளைவுகளில் கேபிள் உராய்ந்து கியர் மாற்றம் கனமாகிவிடும். கம்பியில்லா மின்னணு கியர் என்றால் உள்ளே செல்ல வேண்டியவை இரண்டு பிரேக் ஹோஸ்கள் மட்டுமே.

பொருத்தும் வேலைக்கு வருமுன், லீவர் கவ்வும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2021 மார்ச் மாதம் பெல்ஜியத்தில் நடந்த லே சமீன் பந்தயத்தில், நெதர்லாந்து வீரர் மேத்யூ வான் டெர் போலின் ஒருங்கிணைந்த ஹேண்டில்பார் லீவர் பொருத்தியிருந்த பகுதியில் உடைந்து, ஹூட் தொங்கிப்போனது. அவர் விழாமல் சமாளித்துப் பந்தயத்தை முடித்தார். அதன் பின் அந்த வண்டியைத் தயாரித்த கேன்யன் நிறுவனம், அந்த வகை ஹேண்டில்பார் பொருத்திய வண்டிகளை ஓட்ட வேண்டாம் என்று தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. கார்பன் இழை தன் நீளவாக்கில் இழுவையை அபாரமாகத் தாங்கும். ஆனால் மெல்லிய சுவருள்ள குழாயை ஒரு குறுகிய உலோகப் பட்டை சுற்றி நெரிக்கும்போது, அழுத்தம் முழுவதும் அந்தப் பட்டையின் விளிம்பில் குவிகிறது. என் லீவரின் கையேடு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்வரை முறுக்கலாம் என்றது. ஹேண்டில்பாரின் மேல் அச்சிட்டிருந்த உச்சவரம்பு 6. இப்படி இரண்டு எண்கள் வரும்போது சிறியதற்கே கட்டுப்பட வேண்டும். நான் 5இல் நிறுத்தினேன். குழாயின்மேல் கார்பன் பேஸ்ட்டைக் கடுகளவு எடுத்து மெல்லத் தடவினால், அதிலுள்ள நுண்மணிகள் இரு பரப்புகளுக்கும் இடையே பிடிப்பைக் கூட்டுகின்றன. அதனால் குறைந்த முறுக்கிலேயே லீவர் அசையாமல் நிற்கிறது. கிரீஸ் மட்டும் அங்கே படவே கூடாது.

ஹோஸ்களை உள்ளே இழுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. லீவர்ப் பக்கத் துளையிலிருந்து மெல்லிய வழிகாட்டிக் கம்பியை விட்டு, ஸ்டெம்மின் அடியில் அது தலைகாட்டியதும், அதன் முனையில் ஹோஸைப் பொருத்திப் பின்னுக்கு இழுத்தேன். மேற்பகுதி வளைந்து ஸ்டெம்மோடு சேரும் மூலையில் மூன்று முறை சிக்கியது. அப்போது வலிந்து இழுக்காமல், ஒரு கையால் ஹோஸைத் தள்ளிக்கொண்டே மறுகையால் கம்பியைச் சுழற்றினால் முனை தானாகத் திரும்பி வழிகண்டுகொள்கிறது. ஹோஸின்மேல் மெல்லிய நுரை உறையைப் போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம். வெற்றுக் கூடான கார்பனுக்குள் ஹோஸ் தட்டும் ஓசை, கரடுமுரடான சாலையில் யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல் கேட்கும்.

நீளத்தை வெட்டும்போது நான் செய்த பிழைக்கு ஒரு முழு ஹோஸைப் பலிகொடுத்தேன். ஹேண்டில்பார் நேராக நிற்கும்போது அளந்து வெட்டிவிட்டு, பின் பிரேக்கை இணைத்த பிறகு வலப்புறம் முழுவதும் திருப்பினால், ஹோஸ் விறைத்து நிற்கிறது. லீவரின் இணைப்பில் அந்த இழுவை தொடர்ந்து விழுவது ஆபத்து என்பதால், பின் சக்கரம்வரை செல்லும் ஹோஸை முழுமையாக மாற்ற வேண்டியதாயிற்று. இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் அதிக நீளம் கேட்கிறதோ அதற்கு வெட்ட வேண்டும். வெட்டும் முகம் குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இணைப்பில் நசுங்கி இறுகும் ஆலிவ் வளையம் ஒருமுறைக்கு மட்டுமே பயன்படும். கழற்றினால் புதியது போட வேண்டும். பிறகு காற்றுக் குமிழ்களை வெளியேற்றும்போது, லீவரின் மேலுள்ள புனல் நேராக நிற்பதற்காக வண்டியையே ஸ்டாண்டில் சாய்த்துக்கொண்டேன். ஷிமானோ பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். ஸ்ராமின் சாலை பிரேக்குகள் பலவற்றுக்கு டாட் வகை பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

ஸ்டியரரில் ஏற்றும்போது, குழாயின் உள்ளே விரிந்து பிடிக்கும் விரிவு பிளக் ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு நேர் உள்ளே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கவ்வும் அழுத்தத்தை உள்ளிருந்து தாங்குவது அதுதான். மேல்மூடி போல்ட்டின் வேலை ஹெட்செட்டின் ஆட்டத்தை நீக்குவது மட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்செட் விளிம்பில் விரலை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தேன். ஆட்டம் நின்று, ஹேண்டில்பார் இன்னும் தடையின்றித் திரும்பும் நிலையில் மேல்மூடியை விட்டுவிட்டேன். அதன்பின் பக்கவாட்டு போல்ட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி, முதலில் 2, பிறகு 4, இறுதியில் 5 நியூட்டன் மீட்டர் என்று, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். கை மதிப்பை நம்பி முறுக்கும் இடமல்ல இது.

ஸ்டியரரை உடனே வெட்டவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே 20 மி.மீ. ஸ்பேசர்களை வைத்தபடியே ஆறு வாரங்கள் ஓட்டினேன். இரண்டாம் வாரத்தில் ஒருமுறை 5 மி.மீ. உயர்த்திப் பார்த்துப் பழைய இடத்துக்கே இறக்கினேன். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு கை வைக்கத் தோன்றவில்லை. வெட்டும் நாளில், குறியிட்ட இடத்தைச் சுற்றி நாடா ஒட்டி, முகக்கவசம் அணிந்து, கார்பனுக்கான நுண்பல் ரம்பத்தால் நீர் தெளித்துக்கொண்டே அறுத்தேன். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஸ்டெம்முக்கு மேல் ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் நிற்குமாறும், வெட்டுமுகம் அந்த ஸ்பேசரின் உச்சிக்கு 3 மி.மீ. கீழே அமையுமாறும் அளவு வைத்தேன். அப்போதுதான் ஸ்டெம் தன் முழு உயரத்துக்கும் ஸ்டியரரைக் கவ்வும்; மேல்மூடிக்கும் அழுத்த இடம் கிடைக்கும். வெட்டுமுகத்தை உப்புத்தாளால் வழித்து, பிளக்கையும் மூடியையும் திரும்பப் பொருத்தி, எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் அதே வரிசையில் இறுக்கினேன். 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபார்த்தபோது லீவர் போல்ட் ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக ஏறியது. பார் டேப்பை அதற்குப் பிறகுதான் சுற்றினேன்.