மாநிறத் தோலில் லூபஸும் லைமும்

செவிலியர் படிப்பில், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோயின் பாடத்துக்கு எங்களுக்குக் காட்டப்பட்ட படங்கள் அனைத்தும் வெள்ளைத் தோல் கொண்டவர்களுடையவை. மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலச் சிவந்து படரும் தடிப்பு என்று மனப்பாடம் செய்து தேர்வும் எழுதினேன். பிறகு தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றின் பெண்கள் வார்டில் பணியாற்றியபோது, காய்ச்சலும் மூட்டுவலியுமாகச் சேர்க்கப்பட்ட 23 வயதுப் பெண்ணின் கன்னத்துக் கருமையை, வெயிலில் கறுத்தது என்றே எண்ணிக் குறிப்பில் எழுதாமல் விட்டேன். "இவ வெளிய வேலைக்கே போறதில்லையே சிஸ்டர்" என்று அவருடைய தாயார் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண்ணின் சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றதைக் கவனித்த மூத்த செவிலியர் ஒருவர், அதைப் புரதப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் செய்தார். கன்னங்கள் ஊதா கலந்த கருமையாக இருந்தன. மூக்கோரத்திலிருந்து வாய்முனைக்கு இறங்கும் மடிப்பு மட்டும் தெளிவாக இருந்தது. வெயில் அந்த மடிப்பை இப்படி ஒதுக்கிவிட்டுக் கறுக்கச் செய்வதில்லை. அது லூபஸ்; சிறுநீரகம் வரை போயிருந்தது. அந்த மூன்று நாள்களை நான் இன்றும் மறக்கவில்லை.

இப்போது நான் பணியாற்றும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றே ஓர் ஊர் உண்டு; உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய்க்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான். 1970களில் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டுவீக்கம் கூட்டமாக வந்ததை, பாலி மர்ரே முதலிய தாய்மார்கள் விடாமல் முறையிட்டதால்தான் அந்த நோய் வெளியே தெரிந்தது. உண்ணி கடித்து 3 முதல் 30 நாள்களுக்குள் விரியும் வட்டத் தடிப்பும் மாநிறத் தோலில் சிவப்பாகத் தெரியாமல் அடிபட்ட கன்றலைப் போலத் தோன்றிவிடக்கூடும் என்பதால், நோயாளியின் அனுமதியோடு முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தொட்டுச் சூட்டையும் உணர்ந்து பார்க்கிறேன். தொடக்க வாரங்களில் இரத்தப் பரிசோதனை, லைம் இருந்தும் இல்லை என்று காட்டலாம். லூபஸ் உள்ளவருக்கோ லைமுக்கான முதல்கட்டப் பரிசோதனை, அந்நோய் இல்லாமலே உண்டு என்று காட்டலாம். லைமுக்குத் தேவை கிருமியைக் கொல்லும் மருந்து, லூபஸுக்குத் தேவை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து; எனவே மாற்றி எண்ணினால் விலை கொடுப்பவர் நோயாளிதான்.

லைமுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தோலை வெயிலுக்கு எளிதில் கருகச் செய்யும். லூபஸ் உள்ளவர் அதை உட்கொள்ள நேர்ந்தால் முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு மூன்றையும் வலியுறுத்துகிறேன். நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முகம் ஊதுகிறது என்று, லூபஸுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடும் இளம்பெண்களிடம் கண்டிப்பு எடுபடுவதில்லை என்பது என் அனுபவம். பக்கத்தில் அமர்ந்து, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்ட பிறகே உண்மை வெளிவருகிறது.

பணி ஒப்படைக்கும் குறிப்பில் 'தடிப்பு உண்டு' என்று மட்டும் நான் இப்போது எழுதுவதில்லை. 'கருஊதா, தொட்டால் சூடு, மூக்கோர மடிப்பு விடுபட்டுள்ளது, நேற்றைவிடக் கணுக்கால் வீக்கம் கூடியுள்ளது' என்று எழுதுகிறேன்.