இரண்டு கேன் தண்ணீர், ஏழு கப்பி

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கப் போனால் அளவோடு திரும்பி வருவது கடினம். கடைக்குக் கடை தொட்டிகள், தொட்டிக்குத் தொட்டி ஒரு நிறம். போன வருடம் பெரம்பூரிலிருந்து மகளை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினோம். கூடவே 4 கோல்டு ஃபிஷ், 6 கப்பி, 2 குட்டி ஷார்க். காற்றடைத்துக் கட்டிய பைக்குள் எல்லாமே சுண்டுவிரல் அளவுதான். வீட்டில் தொட்டியில் விட்ட பிறகும் பாதி இடம் காலியாகத் தெரிந்தது. "அப்பா, இன்னும் நாலு வாங்கியிருக்கலாம்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பத்தாம் நாள் தண்ணீர், அரிசி கழுவியதுபோல் வெளுத்தது. அதற்குப் பிறகு காலையில் எழுந்தால் ஒன்று மிதக்கும். அவள் பள்ளிக்குக் கிளம்பும் முன் எடுத்துவிட வேண்டும் என்று சீக்கிரமே எழ ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் எஞ்சியவை இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு ஷார்க்கும்.

மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரின்தான் காரணம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானோ தண்ணீரை இரண்டு நாள் வாளியில் பிடித்து வைத்துத்தான் ஊற்றினேன். கொன்றது அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அது ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே 12 உயிர்களை விட்டது என் தவறு. பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி, வந்திருந்த கொஞ்சத்தையும் அழித்தது அடுத்த தவறு.

ஷார்க் என்று விற்கிறார்களே, அது சுறாவே இல்லை. தென்கிழக்கு ஆசிய ஆறுகளில் வாழும் கெளுத்தி இனம்; வளர்ந்தால் ஒரு மீட்டரையும் தாண்டும். என் தொட்டியின் நீளமே 60 சென்டிமீட்டர்தான். கோல்டு ஃபிஷ்கூட ஒழுங்காக வளர்ந்தால் முக்கால் சாண் வரும். ரெட்டேரியில் விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார்கள், மறுத்துவிட்டேன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நாம் வாங்கிய தென்னமெரிக்க மீன்கள் நம் ஏரிகளில் பெருகிக் கிடப்பது போதாதா? எஞ்சிய மூன்றையும், பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் ஒரு கொளத்தூர் வியாபாரியிடம் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்தோம். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்க வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் பரப்பி, காலியான 20 லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். கல்லுக்குள்ளிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. முதல் கேன் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை. இரண்டாவதில் மேலே இரண்டு அங்குலம் மிச்சம். மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க அந்த இடைவெளி தேவை. ஆக, 40 லிட்டர்தான்.

ஒரு கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, ஓர் அங்குல மீன் என்பது பழைய கணக்கு. மெலிந்த சிறு மீன்களுக்கு மட்டுமே அது சரிவரும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். கழிவும் அதற்கேற்பக் கூடும். இன்றைய நீளத்தைப் போடாமல் முழு வளர்ச்சி நீளத்தைப் போட வேண்டும். மகள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த ஸ்கேலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள்: பத்தரை அங்குலம். ஆண் கப்பி ஒன்றரை அங்குலம் என்றால் ஏழு. பெண் கப்பி வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆண் துணை இல்லாமலே பல மாதங்களுக்குத் தொடரும்.

இந்த முறை முதல் மாதம் இரண்டு, அடுத்த மாதம் மூன்று, பிறகு இரண்டு என்று சேர்த்தோம். ஏழும் நன்றாக இருந்தன.

மே மாதத்தில் ஓர் இரவு நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்றது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரை. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஏழும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சொம்பில் தண்ணீரை மொண்டு, அரை அடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். கை வலித்தபோது மகள் வாங்கிக்கொண்டாள். கரண்ட் வந்தபோது மணி இரண்டரை. நீல வால் கப்பி ஒன்று மட்டும் பிழைக்கவில்லை.

இப்போது ஆறு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகலாமா என்று மனைவி கேட்டாள். "கத்திரி முடியட்டும் அம்மா" என்றாள் மகள், நான் சொல்வதற்கு முன்பே.