கேழ்வரகுக் கஞ்சியும் கணக்குப்பிள்ளையும்

ஜூன் 14, 2024

ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 162. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 274. ஹெச்பிஏ1சி 8.4. மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்குமாம். இரண்டு மூன்று மாதமாக ஒட்டிய சர்க்கரையை அது காட்டிக்கொடுத்துவிடும் என்றார் டாக்டர். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற வழியில்லை. கும்பகோணத்தில் பாத்திரக்கடைக் கணக்கு எழுதுகிறவன் நான். இருபது வருஷமாகப் பேரேடு புரட்டுகிறேன். உடம்பும் ஒரு பேரேடு எழுதிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

ஜூன் 17

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மாத்திரை, இரண்டு வேளையும் சாப்பாட்டோடு. முதல் நாள் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, கல்லாவுக்கும் கழிப்பறைக்குமாக நடந்தேன்.

காபிதான் பெரிய துக்கம். நாலு டபரா, டபராவுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன்! நாட்டுச் சர்க்கரை போட்டால் ஒன்றும் செய்யாது என்றாள் மனைவி. அதுவும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு என்று டாக்டர் சொல்லியாயிற்று. சர்க்கரை இல்லாமல் குடித்ததில், நாம் வாங்கும் தூளில் எவ்வளவு சிக்கரி என்று 48 வயதில் தெரிந்தது.

ஜூன் 26

குளுக்கோமீட்டர் வந்துவிட்டது. விரல் நுனியில் நடுவே குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு.

இட்லியை நிறுத்தி ஒரு வாரமாகக் கேழ்வரகுக் கஞ்சி. பெரிய சொம்பு நிறைய. இன்று இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 238. "மெஷின் ரிப்பேருங்க" என்றாள் அவள். ரிப்பேர் இல்லை. மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றுக்கு வேலையே இல்லை. சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது. சிறுதானியம் என்ற பெயருக்காகச் சொம்பு சொம்பாகக் குடித்தது என் முட்டாள்தனம்.

ஜூலை 2

அதே மாவு. முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு இரண்டே அடை, கூட ஒரு கிண்ணம் சுண்டல். 169. அவள் மீட்டரை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள்.

ஜூலை 9

கடையில் 281! நெஞ்சு படபடத்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பூஜை வாழைப்பழத்தை உரித்துப் பையனுக்குக் கொடுத்த கையோடு குத்தியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பார்த்தேன்: 149.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. படித்துறையில் தூக்குவாளிகளைத் திறந்தார்கள்: புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல். அக்காவிடம் "எனக்குச் சுகர்" என்றேன். "இன்னிக்கு ஒரு நாள்தானேடா" என்றாள். ஒரு நாள்தான், நாலு சாதம். புளியோதரை மட்டும் ஒரு கரண்டி, சர்க்கரைப் பொங்கல் நாக்கில் படும் அளவுக்கு. மற்றதற்குக் கத்தரிக்காய்க் கூட்டை அள்ளிக்கொண்டேன். ராத்திரி சாப்பிட்டதும் மகாமகக் குளத்தை இரண்டு சுற்று. நடந்த நாளில் எண் இறங்கித்தான் நிற்கிறது, இப்போது அதை நம்புகிறேன்.

செப்டம்பர் 16

கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள், பாதிப்பில்லை. பாவை விரிந்து கிடந்ததில் வீட்டுக்கு வரும் வழியில் வெயில் கூசியது, எழுத்தெல்லாம் கலங்கியது. ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை மனைவிதான் படித்தாள். "ஏழு புள்ளி ஒண்ணுங்க."

அடுத்தது டிசம்பரில். நடுவில் தீபாவளி. மாமியார் போனில், அதிரசத்துக்கு எத்தனை படி அரிசி ஊறவைக்க என்று கேட்டுவிட்டார்.