வைஃபை இருந்தும் நெட் வராத பிரச்சினை

பைபர் இணைப்புக்கு மாறிய பிறகு பழைய ரவுட்டர் சும்மா கிடந்தது. மாடியில் சிக்னல் போதவில்லை என்பதால், கீழே உள்ள புது ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துப் பழையதின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளை) சொருகினேன். முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் அம்மாவின் போனில் வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை. பக்கத்திலேயே என் லேப்டாப்பில் நெட் வருகிறது! ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் அம்மா போன் சரியாகும்; கீழே டிவி நின்றுவிடும்.

சேவை மையத்தில் மூன்று முறையும் ரீஸ்டார்ட் செய்யத்தான் சொன்னார்கள். கடைசியில் இரண்டு கருவிகளின் வைஃபை விவரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லேப்டாப்பின் ஐபி முகவரி 192.168.1.7, கேட்வே 192.168.1.1. அம்மா போனிலோ 192.168.0.102, கேட்வே 192.168.0.1. அங்கேதான் விஷயம் பிடிபட்டது.

ஐபி முகவரி என்பது வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். கேட்வே என்பது வெளியே போகும் வாசல். இந்த எண்ணையும் வாசலையும், பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் எது என்பதையும் கருவிகளுக்குக் கொடுப்பது டிஹெச்சிபி. எங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டரும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. எது முதலில் பதில் சொல்கிறதோ, கருவி பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்ளும். பழைய ரவுட்டர் காட்டிய 192.168.0.1 என்ற வாசலுக்கு அப்பால் இணையமே இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியானதும் அதனால்தான்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் புது ரவுட்டர் கொடுக்கும் எண்களை 192.168.1.10-லிருந்து தொடங்க வைத்தேன். அப்புறம் பழையதைத் தனியாகக் கழற்றி, லேப்டாப்பை அதில் கேபிளால் இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்து உள்ளே போனேன். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். இந்த 2 மற்றொரு போனுக்குப் போய் மோதக் கூடாது என்பதற்காகத்தான் முன்பே 9 வரை ஒதுக்கி வைத்தது. மறுபடி புது முகவரியில் நுழைந்து, கடைசியாக டிஹெச்சிபியை நிறுத்தினேன். அதை முதலிலேயே நிறுத்தியிருந்தால் லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆள் இருந்திருக்காது. நாமே கையால் போட வேண்டியிருக்கும்.

கேபிளைத் திரும்ப லேன் போர்ட்டிலேயே சொருகி, அம்மா போனில் வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி இணைத்தேன். 192.168.1.14 என்று வந்தது. கேட்வே 192.168.1.1. அம்மா உடனே அக்காவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.