பார்லி மாவு

"இன்னாம்மா, வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

சத்துவாச்சாரி மாவு மிஷினில் பார்லி டப்பாவை நீட்டியதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கண்ணா. அடை சுட."

அவர் நம்பவில்லை.

தப்பும் இல்லை. நம்ம பக்கம் பார்லி என்றால் நீர்க்கடுப்புக்கு வேகவைத்து, தண்ணீரை வடிகட்டிக் குடித்துவிட்டுப் பருக்கையைக் கொட்டிவிடுவது. சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும், சூடு ஆறாத மாவில் இரண்டு ஸ்பூன் கரைத்துக் கஞ்சி காய்ச்சினேன். கரண்டியைத் தூக்கினால் வழவழவென்று கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது.

அந்த வழவழப்புதான் விஷயம். பீட்டா குளுக்கன் என்கிற கரையும் நார்ச்சத்து. ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கும் கெட்ட கொழுப்பு குறைவதற்கும் உதவுவது அது.

100 கிராம் மாவில் நார்ச்சத்து சுமார் 10 கிராம், புரதமும் ஏறக்குறைய அவ்வளவே.

சுண்ணாம்புச் சத்தில் மட்டும் நம்ம கேழ்வரகுக்குப் பக்கத்தில்கூட வராது. (களிக்காரர்கள் சந்தோஷப்படலாம்.) அப்புறம், கோதுமையில் இருப்பதுபோல இதிலும் குளூட்டன் என்கிற புரதம் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவேண்டாம்.

காசு கொடுத்துக் கிளம்பும்போது மிஷின் அண்ணன் மறுபடி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"சரி, டாக்டர் இன்னா சொன்னாரு?"